0.918 அங்குலம்: மரக்கட்டைக்கும் ஈய எழுத்துக்கும் எந்த அச்சு இயந்திரம் ஒத்துவரும்?

கல்யாணப் பத்திரிகை விற்கும் கடைகளில் இப்போது 'லெட்டர்பிரஸ்' (மேடான எழுத்தில் மை பூசி அழுத்தி அடிப்பது) என்று சொல்லி ஒரு வகை அட்டைக்குத் தனி விலை வைக்கிறார்கள். ஓவியப் பயிலரங்குகளில் மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் 'உட்கட்' கற்றுத் தருகிறார்கள். இரும்புக் கடைக்குப் போகவிருந்த, காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மிஷினை வாங்கி வீட்டுக் கூடத்தில் நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மிஷினை வாங்கியவருக்குப் பெரும்பாலும் முதல் நாளே குழப்பம் தொடங்கிவிடும். கையால் செதுக்கிய பலகையை அதில் பூட்டி மிதித்தால் மை ஒட்டுவதே இல்லை, அல்லது காகிதம் பொத்துக்கொண்டு போகிறது. அதே பலகையை மேசைமேல் வைத்து மரக் கரண்டியால் தேய்த்தால் அழகாக அச்சு விழுகிறது.

பலகையிலும் கோளாறில்லை, மிஷினிலும் கோளாறில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் அளவு பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்த அளவைப் புரிந்துகொண்டால் எந்த மரம், எந்த உளி, எந்த மிஷின் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வந்துவிடும்.

## மேட்டச்சு என்றால் என்ன?

அச்சில் அடிப்படை வகைகள் மூன்று. மேடான இடத்தில் மை ஒட்டினால் அது மேட்டச்சு. செப்புத் தகட்டில் கீறிய பள்ளத்தில் மை நின்றால் அது குழிவச்சு. மேடும் பள்ளமும் இல்லாத பரப்பில், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத குணத்தை வைத்து அடித்தால் அது சமதள அச்சு. லித்தோவும் இன்றைய ஆஃப்செட்டும் இந்த மூன்றாவது வகை.

மரக்கட்டை, லினோலியம், ஈய எழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாமே மேட்டச்சுக் குடும்பம். வேண்டாத இடத்தை வெட்டி எடுக்கிறோம். மிஞ்சிய மேட்டில் ரோலரால் மை பூசி, காகிதத்தை வைத்து அழுத்துகிறோம். டுன்ஹுவாங் குகையில் கிடைத்த, 868ஆம் ஆண்டுத் தேதியிட்ட சீன மொழி வஜ்ர சூத்திரச் சுருள் இப்படி மரத்தில் செதுக்கி அடித்ததுதான். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' உலோக எழுத்துகளைக் கோர்த்து அடித்தது. ஒன்று பலகை, மற்றொன்று தனித்தனி எழுத்து. மையும் அழுத்தமும் வேலை செய்யும் விதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

## உயரம் இரண்டு முறை கணக்கில் வருகிறது

ஈய எழுத்தின் அடியிலிருந்து முகம் வரை உள்ள உயரத்துக்கு 'டைப் ஹைட்' என்று பெயர். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கத்தில் அது 0.918 அங்குலம், அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டர். இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததும் இந்த அளவே. ஐரோப்பாவின் பல பகுதிகளில் 23.56 மில்லிமீட்டர் இருந்தது. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு சாதாரண வெள்ளைத் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் என்றால் இரண்டரைத் தாள். அச்சில் இது பெரிய பள்ளம்.

டிரெடிலில் இந்த உயரம் இரண்டு இடங்களில் கணக்கில் வருகிறது.

1. மை பூசும்போது. ரோலர்கள் இரண்டு ஓரத்திலும் உள்ள தண்டவாளத்தின்மேல் உருண்டு வரும். அந்தத் தண்டவாளம் எழுத்தின் உயரத்துக்கே அமைந்தது. கட்டை அதைவிடத் தாழ்ந்தால் ரோலர் தொடாமல் போய்விடும். உயர்ந்தால் மை ஓரங்களில் வழிந்து பள்ளத்துக்குள் இறங்கும்.

2. அழுத்தும்போது. காகிதத்தைச் சுமக்கும் இரும்புத் தட்டு வந்து நிற்கும் தூரமும் ஏற்கெனவே வைத்துவிட்ட தூரம். கட்டை ஒரு மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் மிஷின் அதைப் பார்த்து விலகிக்கொள்ளாது. காகிதம் கிழியும், கட்டை நசுங்கும், சில சமயம் வார்ப்பிரும்பே விரிசல் விடும்.

கரண்டியால் தேய்க்கும்போது இந்தக் கவலை கிடையாது. கை, கட்டையின் உயரத்துக்குத் தக்கபடி தானே இறங்கும். முதல் நாள் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

லினோவை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செதுக்குவதற்கு வாங்கும் லினோலியம் பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டினால் 21.2. இன்னும் 2.1 மில்லிமீட்டர் வேண்டும். அதை அடியில் அட்டை வைத்து நிரப்புகிறார்கள். கடையில் 18 என்று விற்கும் பிளைவுட் உண்மையில் 17.5 இருப்பதும் உண்டு. அதனால் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. உளி வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டிய கருவி அது என்பேன்.

## மரம்: நெடுக்கு வெட்டா, குறுக்கு வெட்டா?

மரத்தில் செதுக்குவதில் இரண்டு மரபுகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

நெடுக்கு வெட்டு. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகை. வீட்டுக் கதவுப் பலகை மாதிரி, ரேகை பலகையோடு ஓடும். கத்தியும் உளியும் வைத்து இதைச் செதுக்குவதுதான் உட்கட். ரேகையின் போக்கில் உளி வழுக்கிப் போகும், குறுக்கே போகும்போது முரண்டு பிடிக்கும். 'உகியோ-எ' என்ற ஜப்பானிய மர அச்சுப் படங்களின் செதுக்கர்கள் காட்டுச் செர்ரி மரத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அது கடினமாகவும் ரேகை நெருக்கமாகவும் இருப்பது. முடி இழை போன்ற கோட்டைக்கூட அது உதிராமல் தாங்கும்.

குறுக்கு வெட்டு. கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், புளியமரத்தை வட்டமாக அறுத்துப் போட்டிருக்கும் கட்டை. கத்தி எந்தப் பக்கம் விழுந்தாலும் சிராய் பெயராது, ஏனென்றால் இழைகள் எல்லாம் மேல் நோக்கி நிற்கின்றன. அதே தத்துவம்தான் வுட் என்கிரேவிங்கில். பாக்ஸ்வுட் என்ற மிக நெருக்கமான மரத்தைக் குறுக்கே அறுத்து, கண்ணாடி போல இழைத்து, பியூரின் என்ற கூர்முனைக் கருவியால் கீறுவார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பியூயிக் இந்த முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உச்சத்துக்குக் கொண்டுபோனார். விலங்குகள் பற்றிய அவருடைய நூல் 1790இல் வந்தது.

பியூயிக்கின் கட்டைகளை ஈய எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அடிக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படம் போட்ட பத்திரிகைகள் பெருகியதற்கு அடித்தளம் இதுதான். இதைச் சொல்லும்போது நுணுக்கமான கோடுகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மரம் ஈரத்தை வாங்கும் விதம்.

மரம் ஈரம் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இழைக்குக் குறுக்காக நிறையவும், இழையின் நீளவாக்கில் மிகக் கொஞ்சமாகவும் மாறும். நெடுக்குப் பலகையில் உயரம் என்பது இழைக்குக் குறுக்கான திசை. 23 மில்லிமீட்டர் பலகை ஒன்று கோடையிலிருந்து அடைமழைக்குப் போகும்போது சுமார் கால் மில்லிமீட்டர் வரை ஏறிவிடலாம். அதாவது அதே இரண்டரைத் தாள். குறுக்கு வெட்டுக் கட்டையில் உயரம் என்பது இழையின் நீளத் திசை. அதனால் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் உயரம் அசையாது. இழைக்குக் குறுக்கே, பக்கவாட்டில்தான் அது விரியும். ஈய எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் யோக்கியதை அதற்கு இப்படித்தான் வந்தது.

சுவரொட்டிக்கான பெரிய மர எழுத்துகளும் அதே காரணத்தால் குறுக்கு வெட்டில்தான் செய்யப்பட்டன. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத கனம், ஆறும்போது முகம் குழியவும் செய்யும். 1820களின் கடைசியில் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர எழுத்து குடையத் தொடங்கிய பிறகு சுவரொட்டித் தொழிலே மாறிப்போனது.

நம் ஊரில் கிடைக்கும் மரத்தில் தேக்கைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். துணியில் அச்சுப் போடும் கட்டைகளுக்குத் தேக்கு நல்ல மரம்தான். குஜராத்தின் பேத்தாபூரில் பரம்பரையாக அதில்தான் செதுக்குகிறார்கள். ஆனால் அதில் உள்ள மணற்சத்து உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். காகிதத்துக்கு மெல்லிய கோடு வேண்டும் என்றால் அதன் திறந்த ரேகை இடைஞ்சல். பழகுகிறவருக்கு நல்ல பிளைவுட்டோ லினோவோ போதும். நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை வைத்துச் செய்த, கருப்புப் பின்னணியில் கோலூன்றி நடக்கும் காந்தி படம் லினோவில் வெட்டியதுதான்.

## உளியும் மையும் காகிதமும்

கருவிப் பெட்டி சின்னதாக இருக்கலாம். கோட்டின் இரு ஓரங்களையும் வெட்ட ஒரு சாய்முனைக் கத்தி, கோடு இழுக்க 'வி' வடிவ உளி ஒன்று, பள்ளம் எடுக்க 'யு' வடிவத்தில் சின்னதும் பெரியதுமாக இரண்டு. பணம் மிச்சமிருந்தால் இன்னோர் உளி வாங்காமல் நல்ல தீட்டுக்கல்லும், தீட்டிய முனையை வழிக்க ஒரு தோல் பட்டையும் வாங்குங்கள். மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். இரண்டு கையும் எப்போதும் கூருக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பள்ளத்தின் ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே இடம் குறுகலாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் போதும். உள்ளங்கை அகலத்துக்கு வெறுமை இருந்தால் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இறக்க வேண்டும். இல்லையென்றால் ரோலரும் காகிதமும் அங்கே தொய்ந்து அழுக்கு விழும்.

மையில் இரண்டு வழி. ஐரோப்பிய வழியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கரி குழைத்த கெட்டி மை. கண்ணாடிமேல் ரோலரை உருட்டும்போது பட்டுப்புடவை சரசரக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் மை சரியான அளவில் இருக்கிறது. சளசளவென்று ஈரச் சத்தம் வந்தால் அதிகம். ஜப்பானிய வழியில் நீரில் கரைத்த நிறத்தோடு கொஞ்சம் அரிசிப் பசை. தூரிகையால் பூசுவார்கள், ரோலர் கிடையாது.

காகிதம் இதோடு சேர்ந்தே வரும். காகித மல்பெரிப் பட்டையில் செய்த ஜப்பானியக் காகிதம் மெல்லியது, இழை நீளம், ஈரப்படுத்தினாலும் கிழியாது. நேபாளத்து லோக்தா காகிதத்துக்கும் கிட்டத்தட்ட அதே குணம். அதனால் கைத்தேய்ப்புக்கு இரண்டும் ஏற்றவை. பஞ்சுக்கூழில் செய்த தடித்த காகிதத்துக்குக் கை பலம் போதாது, மிஷின்தான் வேண்டும். லேசாக ஈரப்படுத்தி ஓர் இரவு அடுக்கி வைத்தால் அதுவும் இணங்கி வரும்.

## ஈய எழுத்தும் தமிழும்

அச்சு எழுத்து வெறும் ஈயம் இல்லை. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது. ஆன்டிமனி கடினத்தைக் கொடுத்து, ஆறும்போது சுருங்குவதைக் குறைக்கும். வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சுக்குழியின் மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். 10க்கு 15 சென்டிமீட்டர் அளவில் கோர்த்த ஒரே ஒரு புத்தகப் பக்கம் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும்.

ஆங்கிலத்துக்குச் சிற்றெழுத்து, பேரெழுத்து இரண்டும் சேர்த்து 52. தமிழுக்கு 247ஐயும் தனித்தனியாக வார்க்க வேண்டியதில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக் கொம்பு ஆகியவை தனி அச்சுகள். 'கொ' வேண்டும் என்றால் கொம்பு, க, கால் என மூன்றை எடுத்து அடுக்கலாம். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகள் எழுத்தோடு ஒட்டியவை, பெரும்பாலும் தனித்தனியாக வார்க்க வேண்டும். புள்ளி மெய் 18 வேறு. எப்படிக் கூட்டினாலும் நூற்றுக்கு மேல் போகும். எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர், எழுத்துப் பெட்டியில் உள்ள இத்தனை அறைகளிலிருந்தும் கண்ணால் பார்க்காமல் கை பழகி எடுப்பார். வரியை அடுக்கக் கையில் பிடிக்கும் கம்போசிங் ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக, இடமிருந்து வலமாகப் போகும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் வெட்டுக்காடி இருக்கும். விரல் அதைத் தடவிப் பார்த்தே எழுத்து நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும்.

1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை இந்தப் பெட்டியின் முன்னால் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் பயன்படுத்தியது அது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் இருந்த பழைய சுழித்த வடிவங்கள் தனி அச்சாகவே வார்க்கப்பட்டிருந்தன. சீர்திருத்தத்துக்குப் பிறகு பெட்டியில் ஏற்கெனவே உள்ள காலும் சங்கிலிக் கொம்பும் அந்த வேலையைச் செய்தன.

எழுத்தின் அளவும் செலவுதான். தரங்கம்பாடியில் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவுக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை முழுதும் அடித்தால் கையிருப்புக் காகிதம் போதாது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715இல் வேலையை முடித்தார்கள்.

இன்று பழைய எழுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எழுத்துமேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அரித்து வந்த நஞ்சு. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது, ஊதவும் கூடாது. கையுறை போட்டு ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எழுத்தைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது. குழந்தைகள் நடமாடும் அறையில் எழுத்துப் பெட்டியை வைக்கவே கூடாது.

## அழுத்தம்: மூன்று வழிகள்

மிஷின் என்பது அழுத்தத்தைப் பகிர்ந்து தருகிற ஒரு வழி. எண்ணில் பார்த்தால் சுலபமாகப் புரியும். 20க்கு 20 சென்டிமீட்டர் கட்டை ஒன்று. முழுக்கக் கருப்பாக விழ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் தேவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

1. தட்டு அழுத்தம். முழுப் பரப்பும் ஒரே நொடியில் அழுந்தும். 400 சதுர சென்டிமீட்டருக்கு 4,000 கிலோ, அதாவது 4 டன். பழைய மரத் திருகு அச்சில் இதற்குப் பலம் போதாமல்தான் ஒரு பெரிய தாளை இரண்டு பாதியாக, இரண்டு இழுப்பில் அடித்தார்கள். 1800 வாக்கில் வந்த ஸ்டான்ஹோப் இரும்பு அச்சில்தான் ஒரே இழுப்பில் முடிந்தது. அதன் பின் கொலம்பியன், ஆல்பியன், கால் மிதி டிரெடில், கடைசியாக 1914இல் அறிமுகமாகி 1985 வரை உற்பத்தியான ஹைடல்பெர்க் விண்ட்மில் எல்லாம் இந்த வகை.

2. உருளை அழுத்தம். உருளை ஒரு நேரத்தில் ஒரு கோட்டை மட்டும் தொடும். 20 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம் என்றால் 10 சதுர சென்டிமீட்டர், அதாவது 100 கிலோ போதும். 1814 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' இதழை கோனிக்கின் நீராவி உருளை மிஷின் மணிக்கு 1,100 தாள் வேகத்தில் அடித்தது இந்தத் தத்துவத்தில்தான். பெரிய மரக்கட்டைக்கும் இதுதான் உகந்தது.

3. புள்ளி அழுத்தம். கரண்டி, அல்லது ஜப்பானிய பாரன். மூங்கில் மடலை முறுக்கிய கயிற்றைச் சுருளாகச் சுற்றி, மேலே மடல் போர்த்திய வட்டக் கருவி அது. தொடுகிற இடம் ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர்தான் என்பதால் ஒரு மனிதரின் உடல் பாரமே போதும். நேரம்தான் அதிகம்.

எச்சிங் மிஷின் வைத்திருப்பவர்கள் ஈய எழுத்தையும் அதில் ஓட்டிப் பார்க்க நினைப்பார்கள். குழிவச்சுக்காகச் செய்த அந்த உருளையின் அழுத்தம் எழுத்தின் முகத்தை ஒரே ஓட்டத்தில் நசுக்கிவிடும். மரமும் லினோவும் ஓட்டலாம். இரு ஓரங்களிலும் கட்டையின் உயரத்துக்கே சட்டம் வைத்து, உருளை அவற்றின்மேல் ஏறிப் போகும்படி அமைத்தால் போதும்.

## எது யாருக்கு?

1. மரமோ லினோவோ மட்டும், 20, 30 பிரதி என்றால் மிஷினே வேண்டாம். நல்ல காகிதமும் கரண்டியும் போதும்.

2. எழுத்தும் படமும் சேர்ந்த சின்ன அட்டைகள் என்றால் டிரெடில். வாங்கும்போது வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, ரோலர் ரப்பர் கல்லாகிவிட்டதா, அழுத்தத்தை விலக்கும் நெம்புகோல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அந்த நெம்புகோல் இல்லாத மிஷின் விரலைக் கேட்கும். பல ஊர்களில் இந்த மிஷின்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் பில் புத்தகங்களுக்கு நம்பர் போடுவதும், துளைக்கோடு, மடிப்புக்கோடு போடுவதும்தான். உதிரி பாகத்துக்கும் பழுதுக்கும் அங்கே இருக்கும் மிஷின்மேன்தான் கதி.

3. ஈய எழுத்தே இல்லாமல் லெட்டர்பிரஸ் செய்யலாமா? செய்யலாம். இன்றைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் பெரும்பாலும் அப்படித்தான். கணினியில் வடிவமைத்து, ஃபிலிம் எடுத்து, ஒளிபட்டால் இறுகும் பாலிமர் தகட்டில் வெளிச்சம் காட்டி, மீதியைத் தண்ணீரில் கழுவிவிட்டால் மேடு தயார். தகடு 0.95 அல்லது 1.52 மில்லிமீட்டர்தான். அடியில் வைக்கும் உலோகத் தளம் மீதி உயரத்தை நிரப்பி 0.918க்குக் கொண்டுவரும்.

## வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையான லெட்டர்பிரஸ் என்றால் விரலால் தடவும்போது எழுத்து குழிந்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். அந்தக் குழிவு இன்றைய ரசனை. முந்தைய தலைமுறை அச்சகத்தார் காகிதத்தின் பின்புறம் தடம் தெரியாமல் முத்தமிடுகிற மாதிரி அடிப்பதையே கைத்திறன் என்று நினைத்தார்கள், ஆழமாகப் பதிந்தால் எழுத்துத் தேய்ந்துபோகும். தவிர, ஆஃப்செட்டிலோ டிஜிட்டலிலோ அடித்துவிட்டுத் தனியாக அச்சுக்குழிவு போட்டும் விற்க முடியும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எழுத்தின் ஓரத்தில் வையுங்கள். மேட்டச்சில் அழுத்தம் மையை வெளிப்புறமாகத் தள்ளும். அதனால் எழுத்தின் உட்பகுதியைவிட விளிம்பில் மை கொஞ்சம் கெட்டியாக, ஒரு மெல்லிய கருங்கரை போல நிற்கும். டிஜிட்டலில் அந்தக் கரை இருக்காது, பொடிப் பொடியாகப் புள்ளிகள் சிதறியிருக்கும். மரக்கட்டைப் படம் என்று விற்றால் பெரிய கருப்புப் பரப்பைப் பாருங்கள். நெடுக்கு வெட்டு மரமாக இருந்தால் அதில் ரேகை ஓடும். பல பிரதிகள் வைத்திருந்தால் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். ரேகை இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும், மையின் கனம் மட்டும் பிரதிக்குப் பிரதி கொஞ்சம் மாறியிருக்கும்.